பொருந்தாத செயின்

மழை விடாமல் பெய்த ஒரு காலையில், கெம்சி ஊரில் இருந்த எல்சீராவின் இரும்புக்கடைக்குள் ஓனோஃப்ரே நனைந்தபடி நுழைந்தான். ஊரில் பாதி வீட்டு அடுப்புகளுக்கு விறகு அறுத்துத் தருபவன் அவன். மரம் அறுக்கும் மெஷினின் அறுந்த செயினைத் துணிப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அக்கா, இதே மாதிரி ஒண்ணு குடுங்க. மெஷின் காட்டுலயே கெடக்கு."

எல்சீரா செயினை விரித்து உள்பக்கப் பற்களை எண்ணினாள். எழுபத்திரண்டு. அலமாரியில் மிச்சமிருந்த ஒரே செயினிலும் எழுபத்திரண்டுதான். ஆனால் அதன் பற்கள் மெல்லியவை. மெஷின் தகட்டின் பள்ளத்தில் அது ஆடும், வேகத்தில் கழன்றும் போகும். இருபது வருடமாகக் கடை நடத்துபவளுக்கு அது நன்றாகவே தெரியும். சரியான செயின் வந்துசேர ஒரு வாரமாகும். அதற்குள் அவன் எதிர்க்கடைக்குப் போய்விடுவான்.

"எண்ணிக்கை சரியா இருக்கு தம்பி. போடு, ஓடும்."

"நீங்க சொன்னா சரி."

மூன்றாம் நாள் செயின் கழன்று தெறித்து அவன் வலக்கையைக் கிழித்தது. இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"நான்தான் செயினைச் சரியா இறுக்கல" என்று அவனே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது எல்சீராவை வதைத்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி நோல்ஃபா கிண்ணத்தில் சூடாக மாத்தே என்ற இலைத்தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"என் கவனக்குறைவுக்கு நீங்க எதுக்கக்கா மழையில வந்தீங்க?" என்றான் ஓனோஃப்ரே.

எல்சீரா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "உன் தப்பு இல்லப்பா. அது பொருந்தாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

அவன் கட்டுப்போட்ட கையை மடியில் இறக்கி வைத்தான். "நீங்க எண்ணிப் பாத்தீங்களேன்னுதான் நான் மேல எதுவும் கேக்கல."

நோல்ஃபா கிண்ணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவரு ஒரு வாரம் சும்மா இருந்திருப்பாருக்கா. வாங்குறவனுக்குத் தெரியாது, உங்களை நம்பித்தான் வர்றான். தெரிஞ்சவங்க வாயை மூடிக்கிட்டு வித்தா, அதுக்குப் பேரு வியாபாரமா?"

"இல்லம்மா, துரோகம்," என்றாள் எல்சீரா. "இவன்மேல தப்பில்லன்னு நானே வீடு வீடாப் போய்ச் சொல்றேன்."

குடையை விரித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவை முதலில் தட்டினாள்.