கூட்டிப்போக ஓர் ஆள்

பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்தால் கீழே ஒரு புள்ளி மட்டும் காகிதத்தைக் கருக்கும். கண்ணாடியை ஒட்டிக் கையை வைத்தால் ஒன்றும் ஆகாது. என் சிகிச்சையும் இதே வேலைதான், வெயிலுக்குப் பதிலாக ஒலி. மலக்குடல் வழியே வைக்கும் கருவி, காதுக்கு எட்டாத ஒலியைப் புராஸ்டேட் சுரப்பிக்குள் ஓர் அரிசி அளவு இடத்தில் குவிக்கும். சில நொடிகளில் அந்த இடம் வெந்துவிடும், வழியிலுள்ள சதை தப்பித்துவிடும். பிறகு அடுத்த அரிசி. புற்றுநோய் ஓரிடத்தில் அடங்கியிருக்கும் சிலருக்குத்தான் பொருந்தும். எனக்குப் பொருந்தியது.

கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸ் டெனீஸிடம் இதையெல்லாம் சொன்னேன்.

“அழகா சொல்றீங்க ஹார்லன். வாத்தியாரா இருந்தீங்களா?”

“இல்ல, பாய்லர் ரிப்பேர்.”

“சரி, மயக்கம் தெளிஞ்சதும் உங்களக் கூட்டிட்டுப் போறது யாரு?”

“டாக்ஸில போயிடுவேன்.”

“யாரும் இல்லன்னா டாக்டர் ஆரம்பிக்க மாட்டார். டாக்ஸி டிரைவர் கணக்குல வராது.”

கருவி மாதம் ஒருமுறைதான் லாரியில் அமெரிக்காவின் வடகோடியிலுள்ள எங்கள் டுலூத் ஊருக்கு வரும். இன்று விட்டால் அடுத்த மாதம். அதுவரை உள்ளே இருப்பது சும்மா இருக்குமா என்று யாருக்குத் தெரியும்?

ஆள் இல்லாமல் போனது என்னால்தான். ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு லோவெல் பனி தள்ளும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

“ஆஸ்பத்திரிக்கு நான் வரட்டா?”

“உனக்கெதுக்குப்பா சிரமம்.”

“ஒரு சிரமமும் இல்ல.”

“வேணாம், பாத்துக்கறேன்.”

எங்கள் பக்கத்தில் ஒரு துண்டு கேக் என்றாலும் இரண்டு முறை மறுத்து, மூன்றாவது முறை கேட்டால்தான் சரி என்போம். மூன்றாவது கேள்விக்காக நின்றேன். இயந்திரத்தில் ஐஸ்கட்டி சிக்கி, லோவெல் குனிந்துவிட்டான். பிறகு பேச்சு மீன்பிடிப்பதில் போய்விட்டது.

“கால் மணி நேரம் தரேன்,” என்றாள் டெனீஸ்.

இறந்துபோன என் மனைவி மார்லாவின் எண் போனில் இன்னும் முதலாவதாக இருந்தது. அதைத் தாண்டி லோவெல்லைப் பிடித்தேன்.

“நான் ஹார்லன். எதிர்வீடு.”

“தெரியுதுய்யா. கார் நிக்குது, ஆளக் காணோமேன்னு ஜன்னல்லயே பாத்துட்டிருக்கேன்.”

“ஆஸ்பத்திரில இருக்கேன். வந்து…” வாய்விட்டு ஓர் உதவி கேட்டுப் பழக்கமே இல்லை. “என்னக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும். நீ வரணும்.”



“அன்னிக்கே சொல்லித் தொலைச்சா என்ன? ஐஸ எடுத்துட்டு நிமிர்றேன், நீ மீனப் பத்தி ஆரம்பிச்சிட்ட. உனக்குப் பிடிக்கலன்னு விட்டுட்டேன். இரு, வரேன்.”

“அவர் உங்களுக்கு என்ன உறவு?” என்றாள் டெனீஸ்.

“எதிர்வீடு.”

அவள் கணினியில் ‘நண்பர்’ என்று தட்டினாள். நான் திருத்தவில்லை.

ஈர பூட்ஸுடன் லோவெல் வந்து கட்டிலருகே உட்கார்ந்தான். அவனிடமும் ஒலி எப்படிக் குவிகிறது என்று ஆரம்பித்தேன். அரிசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டான்.

“எல்லாம் சரி. எந்திரிச்சதும் வலிக்குமா?”

சிகிச்சையைப் பற்றி அத்தனை படித்தும் அதை நான் யாரிடமும் கேட்டதில்லை. என்னிடமும் யாரும் கேட்டதில்லை.

“தெரியலப்பா,” என்றேன்.

கட்டிலைத் தள்ள ஆட்கள் வந்தார்கள். லோவெல் எழுந்து, கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினான்.