ஊசிமுனை அளவு வெளிச்சம்

…இல்லை, இந்த ஓட்டையும் பெரிது, ஊசி கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிட்டது, ஓரமெல்லாம் பிசிறு, இதை லென்ஸ் இருந்த இடத்தில் மாட்டிப் படமெடுத்தால் முகம் கஞ்சி போலக் குழம்பித்தான் விழும்… நாகலெட்சுமி நான்காவது துண்டையும் ஒதுக்கிவிட்டுத் தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளிலிருந்து இன்னொன்றை வெட்டினாள். காமிராவின் லென்ஸ் விழுந்து உடைந்ததிலிருந்து ஹட்டன் கடைவீதியில் அவர்களுடைய ஸ்டூடியோ இழவு வீடு மாதிரிக் கிடக்கிறது, வருகிறவர்களையெல்லாம் புருஷன் பொன்னையா திருப்பி அனுப்புகிறான், ஆனால் இந்த இரண்டு பேரை எப்படி அனுப்புவது? டயகம தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த வீரம்மாவும் மகள் பூரணியும்… மகள் நாளைக்குப் புருஷனோடு தலைமன்னாருக்கு ரயிலேறி, அங்கிருந்து கப்பலில் இந்தியாவுக்கே போகிறாள், தாய்க்கு இலங்கைப் பிரஜாவுரிமை, அவள் இங்கேயேதான், சேர்ந்து ஒரு படம்கூட இல்லை. "விட்டுரு லெட்சுமி, ஊசி ஓட்டையில படம் விழுமா?" என்றான் பொன்னையா. ஏன் விழாது? அவனுடைய இங்கிலீஷ் புத்தகத்தில் லென்ஸே இல்லாத பெட்டி ஒன்று வரைந்திருக்கிறதே, எழுத்து தெரியாவிட்டால் என்ன, படம் புரியாதா… மெல்ல, முனை இறங்கியதும் நிறுத்து, திருப்பிப் போட்டு மேடானதை வழவழப்பான கல்லில் தேய், மறுபடி ஊசியைச் சுழற்று, தள்ளாதே, மூச்சுக்கூட விடாதே… வெளிச்சத்தில் பிடித்தாள். வட்டமென்றால் வட்டம், ஒரு பிசிறு இல்லை. அடி லெட்சுமி, உனக்குக் கையா அது!

"நான் அறுவது எண்ணுற வரைக்கும் ரெண்டு பேரும் அசையக் கூடாதுங்க" என்றாள் நாகலெட்சுமி. கொல்லை வெயிலில் தாயும் மகளும் கல்லாக உட்கார்ந்தார்கள், இருபதில் வீரம்மாவின் கண் நிறைந்தது, நாற்பதில் வழிந்தது, துடைக்கக் கை எழவில்லை, மகராசி, இப்படியும் ஒருத்தி இருப்பாளா… பிறகு இருட்டறை, மருந்துத் தட்டில் ஒன்றுமே இல்லாத கண்ணாடித் தகடு, போச்சு, எல்லாம் போச்சு என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதே மூலையில் ஒரு நிழல், தோள், அப்புறம் இரண்டு முகம்…

"எம்புள்ள மூக்குத்திகூடத் தெரியுதே தாயி!" அச்செடுத்துக் காயவைத்துக் கொடுத்த படத்தை வீரம்மா கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். பொன்னையா தொண்டையைச் செருமினான். "நான் எடுக்கலீங்க. எல்லாம் எங்க வீட்டுக்காரி கைவேலை." கடைவீதி முழுக்கக் கேட்கட்டும் என்பது போல் சொன்னான், பூரிப்பில் நாகலெட்சுமிக்கு நிற்கவே இடம் போதவில்லை.

அவர்கள் போனதும், "புது லென்ஸு நாளைக்குக் கொழும்பு ரயில்ல வந்துருமாம்" என்றான். நல்லதுதானே, பிழைப்பு நடக்க வேண்டாமா… நல்லதுதான். அப்படியானால், அந்தக் கொழும்பு ரயில் ஒரு நாள் பிந்தட்டுமே என்று இப்போது நினைத்தது யார்?