வெள்ளைக் குழம்பில் கறி உருண்டை

கைமாவைத் தொடுவதற்கு முன் தெய்வாத்தாள் கையை மூன்று தடவை கழுவுவாள். சாம்பல், சீயக்காய், கடைசியில் கை பொறுக்காத வெந்நீர். அவள் சமைத்த மில் விருந்தினர் விடுதியில் அதைப் பார்த்தவர்கள் அன்னூர்க்காரம்மாவுக்குச் சுத்தம் அதிகம் என்று பேசிக்கொண்டார்கள். உண்மைக் காரணம் காந்திபுரத்துச் சந்தில் ஓர் ஒற்றை அறையில் பாயில் படுத்திருந்தது. அவள் புருஷன் பாலுசாமிக்குக் காசநோய்.

வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் சுந்தரராஜுலு, "ஊட்ல யாருக்காச்சும் சீக்கு உண்டுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அவுரு ஊர்ல தோட்டத்தப் பாத்துக்கிட்டிருக்காருங்க" என்றாள். தோட்டத்துக் கிணறு வற்றி மூன்று வருஷமாகியிருந்தது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி, ஆறு மாதம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடுவில் நிறுத்தினால் அதன்பின் அந்த மருந்தே உடம்பில் வேலை செய்யாது. நாலு மாதம் ஓடியிருந்தது. பாலுசாமி எழுந்து உட்காரத் தொடங்கியிருந்தார். அவள் சம்பளம் அப்படியே ஊசிக்குப் போனது. இன்னும் இரண்டு மாதம் இந்த வேலை நிலைத்தால் மனிதர் பிழைப்பார். அதற்குமேல் அவள் சாமியிடம் எதுவும் கேட்கவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. புது நூற்பு இயந்திரங்களைப் பூட்ட மூன்று வெள்ளைக்காரர்கள் வந்து தங்கினார்கள். முதல் நாள் கோலா உருண்டை செய்தாள். கைமாவோடு பொட்டுக்கடலை, சோம்பு, தேங்காய் சேர்த்து அரைத்து, உடையாமலிருக்க வாழைநாரால் கட்டிப் பொரித்தது. நாரைப் பிரிக்கத் தெரியாமல் மூவரும் திண்டாடினார்கள். ஆனால் தட்டு காலி. பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் பேசத் தொடங்கினார்கள். மேனேஜர் சமையலறைக்கு வந்து சிரித்தார்.

"இது எங்க நாட்டுப் பலகாரம்னு மூணு பேருமே சண்டை போடறாங்க. இனி அவங்கவங்க ஊர்ப் பக்குவத்துல வேணுமாமுங்க."

இத்தாலிக்காரருக்குப் பாலில் ஊறிய ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சேர்த்துப் பிசைந்து, தக்காளிச் சாற்றில் வேகவைத்தாள். சுவீடன்காரர் வெண்ணெயில் வதக்கிய சின்னச் சின்ன உருண்டைகளைக் குன்னூர்ப் பழ ஜாம் தொட்டுச் சாப்பிட்டார்.

"கறிக்கு ஜாமா? ஆட்டுக்குத் தெரிஞ்சா அழும்மா" என்றார் கசாப்புக்கடை இஸ்மத் பாய். "எங்க ஊட்டு கோஃப்தா உருண்டைய ஒருநா செஞ்சு போடுங்க. மூணு பேரும் வாயத் தொறக்க மாட்டாங்க." பேசிக்கொண்டே கைமாவோடு இரண்டு நெஞ்செலும்பும் கட்டிக் கொடுத்தார். சூப்பு யாருக்கு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஜெர்மன்காரர் கார்ல் வயதானவர். அவர் கேட்டது பொரிக்காத உருண்டை. வெந்நீரில் வெந்து, வெள்ளைக் குழம்பில் மிதக்க வேண்டும். குழம்பில் புளிப்பாக ஏதோ ஒரு மொட்டு. அந்த மொட்டுக்கு அவள் எங்கே போவாள்? உப்பிலும் எலுமிச்சையிலும் ஊறிய பச்சை மிளகைப் போட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் முதல் உருண்டையை வாயில் வைத்தவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கெட்டுவிட்டதோ என்று தெய்வாத்தாள் கதவருகிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது அவர் அம்மா செய்வதாம். அம்மா இல்லை. உலகச் சண்டைக்குப் பிறகு அந்த ஊரும் அவர்கள் தேசத்தில் இல்லையாம்.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சந்தில் கார் நுழைந்தது. ஜன்னல் வழியாக மேனேஜரையும் கார்லையும் பார்த்ததும் தெய்வாத்தாள் புருஷனிடம் ஓடினாள்.

"ஏனுங்க, மில்லுல இருந்து வந்திருக்காங்க. தடுப்புக்குப் பின்னால படுத்துக்கங்க. மூச்சு விட்றாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

குறுக்கே கட்டிய சேலைத் தடுப்புக்குப் பின்னால் பாலுசாமி தலையாட்டினார். அவள் கதவைப் பாதி திறந்து மறைத்துக்கொண்டு நின்றாள்.

"தொரை நாளைக்கு ஊருக்குப் போறாருங்க" என்றார் சுந்தரராஜுலு. "ஊட்டுக்கே போயி நன்றி சொல்லோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு." கார்லின் கையில் துணிக்கடைப் பொட்டலம் இருந்தது.

வாங்க என்று சொல்ல வேண்டிய இடம். அவளுக்கு வாய் வரவில்லை. "நான் அங்கயே வாரேனுங்க" என்றாள்.

மேனேஜரின் சிரிப்பு சுருங்கியது. "என்னங்கம்மா, அவ்வளவு தூரத்துல இருந்து வந்த மனுசன வாசல்லயே நிக்க வெக்கறீங்களே!"

தடுப்புக்குப் பின்னால் அது பாலுசாமியின் காதில் விழுந்தது. நாற்பத்தைந்து வருஷத்தில் தன் வாசலில் வந்து நின்ற ஒருவரையும் அவர் அழைக்காமல் விட்டதில்லை. கிணறு வற்றிய வருஷம் நிலத்தை விலை பேச வந்தவனைக்கூட உட்காரவைத்து மோர் கொடுத்தவர்.

"வாங்க... வாங்க... உள்ள வாங்க. தெய்வா, தண்ணி கொண்டா."

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டிருந்தார். கும்பிடக் கையைச் சேர்த்தபோது இருமல் பிடித்தது. அது நின்றபோது வாயைப் பொத்திய துண்டில் சிவப்பு. சரிந்தவரைத் தாங்கக் கார்ல் ஓரடி முன்னால் வந்தார். மேனேஜர் அவர் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பிறகு மாடத்தில் அடுக்கியிருந்த மருந்துப் புட்டிகளைப் பார்த்தார்.

"இந்தக் கையிலதானுங்களே எங்களுக்கு உருண்டை புடிச்சீங்க?"

"அவுரு தட்டு, டம்ளரு எல்லாம் வேறைங்க..."

"நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்றார் மேனேஜர். சத்தம் போடவில்லை. கார்ல் பொட்டலத்தை வாசற்படியில் வைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

பாலுசாமி பாயில் சுருண்டு கிடந்தார். "வாயி தானா வந்துருச்சு தெய்வா" என்றார். அவள் அவரைத் திட்டவில்லை. திட்டினால் மறுபடி இருமுவார்.

பொட்டலத்தில் இருந்த பட்டுச்சேலையை விற்றது நாலு ஊசிக்கு ஆயிற்று. அடுத்த நாட்களில் வேலை கேட்டு அவள் ஏறி இறங்கிய பங்களாக்களுக்கெல்லாம் செய்தி அவளுக்கு முன்பே போயிருந்தது. இஸ்மத் பாய் மட்டும் எலும்பு கொடுத்தார். அவரால் முடிந்தது அதுதான்.

வேலை போன பின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, ஊசி போட வரும் கம்பவுண்டர் வழக்கமான நேரத்துக்குச் சைக்கிளை நிறுத்தினார். தெய்வாத்தாள் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இனி வேண்டாமுங்க" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். "இன்னும் அஞ்சு வாரந்தானேம்மா?"

"ஆமாங்க."

கம்பவுண்டர் சைக்கிளைத் திருப்பினார். உள்ளே பாலுசாமி சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, ஊசிக்காக உட்கார்ந்திருந்தார்.