கதவோரத்து இரண்டாவது எண்

பிக்கப் வண்டி வாங்கியதிலிருந்து மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. மாமனாரின் லேத் மெஷினைப் புதுப் பட்டறைக்கு மாற்றவேண்டும் என்ற பேச்சு வந்ததும், லாரி எதற்கு, நம் வண்டி சும்மாதானே நிற்கிறது என்று முந்திக்கொண்டார். மாமனார் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த ஒரு மெஷினால்தான்.

வண்டியின் கதவோர ஸ்டிக்கரில் ஆயிரம் கிலோ ஏற்றலாம் என்றிருந்தது. மெஷின் தொள்ளாயிரம். ஓட்டுகிறவர், பக்கத்தில் உட்காருகிறவர், ஆசை ஆசையாக மாட்டிய இரும்புச் சட்டம் எல்லாமே அந்த ஆயிரத்துக்குள் அடக்கம் என்பது அவருக்குத் தெரியாது. பின் அச்சு எவ்வளவு தாங்கும் என்று கீழே இன்னொரு எண்ணும் இருந்தது. மனிதர் அதைப் படிக்கவே இல்லை. படித்தவர் மாதிரிப் பேச மட்டும் நன்றாகத் தெரியும்.

மெஷினின் கனமெல்லாம் மோட்டார் இருக்கும் தலைப்பக்கம். இறக்க வசதி என்று அதையே வண்டியின் வால்பக்கம் வைக்கச் சொன்னார். தலைப்பக்கம் முன்னால் இருக்கட்டுமே என்று மாமனார் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தார்.

"நீங்க சும்மா இருங்க மாமா. கம்பெனிக்காரன் கணக்குப் போடாமயா ஸ்டிக்கர்ல எழுதியிருப்பான்?"

ஏற்ற வந்த ஆட்கள் சிரித்தார்கள். மாமனார் வண்டியில் ஏறிக்கொண்டார்.

பாலத்து ஏற்றத்தில் வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பின்னால் ஸ்பிரிங் பட்டை முறிந்து வண்டி உட்கார, கயிறு அறுந்து மெஷின் சாலையில் விழுந்தது. வார்ப்பிரும்பு உடல் இரண்டாகப் பிளந்தது. ஆட்களுக்கு அடியில்லை. மாப்பிள்ளை அதற்குக்கூடச் சந்தோஷப்பட முடியாமல் கூனிக்குறுகி நின்றார்.

தகவல் கேட்டு அவர் மனைவி ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். லேத் சத்தத்திலேயே வளர்ந்தவள். பார்த்த மாத்திரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. தலைப்பக்கத்தைப் பின்னால் வைக்கச் சொன்னது யார் என்று கேட்டாள்.

மாப்பிள்ளை குனிந்து அறுந்த கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

"நாந்தாம்மா," என்றார் மாமனார். "எறக்க சுலபமா இருக்குமேன்னு சொன்னேன்."

அவள் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். பிழைப்பையே நடுரோட்டில் போட்டு உடைத்தாயிற்று, யார் பேச்சையாவது கேட்டால்தானே என்று ஊர் பார்க்க விளாசினாள். மாமனார் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார்.

"போதும், விடு," என்றார். "வயசானவரப் போயி இப்படித் திட்டலாமா?"