முப்பத்து நான்கு டிகிரி

மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து தனக்கோடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் மரக்காணத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ புயல் கரையேறுமாம். குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். வாசலில் நின்றால் உள்ளே மெஷின் ஓடுகிறதா என்று காது போகும். உள்ளே வந்தால் செந்தமிழின் ஸ்கூட்டர் வருகிறதா என்று மனசு தெருவுக்கு ஓடும்.

கூடத்துக் கட்டிலில் சாலம்மாள் மூக்கில் குழாயோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிற வியாதி அவளுக்கு. ஆக்சிஜன் மெஷினை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும், கரண்ட் போனால் மாற்று ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும் என்று புதுச்சேரி டாக்டர் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது. கட்டிலோரம் நிற்கும் அந்த மெஷின் நாள் பூராவும் புஸ் புஸ்ஸென்று மூச்சு விடும். அது விட்டால்தான் இவள் விடுவாள்.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஜான்சி, இருக்கிற இன்வெர்ட்டரை மாற்றியே தீர வேண்டும் என்று லித்தியம் பேட்டரியும் அதற்கேற்ற புது இன்வெர்ட்டரும் வாங்கி அனுப்பிவிட்டாள். மாட்டிக் கொடுக்கத் தன் பள்ளிக்கூடத் தோழி செந்தமிழையும் பிடித்துவிட்டாள். செந்தமிழ் கீழ்புத்துப்பட்டுக்காரி. ஆரோவில்லில் சோலார் மாட்டும் வேலை. இன்று லீவு போட்டுவிட்டு வருகிறாள்.

இதெல்லாம் எதற்கு என்பதுதான் தனக்கோடியின் கேள்வி. அவருடைய பழைய பேட்டரி முப்பத்து நான்கு டிகிரியில் இருந்தது.

டிகிரி விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. முப்பத்தோரு வருஷமாக உப்பளத்தில் மேஸ்திரி. பாத்தித் தண்ணீரை உயரக் குவளையில் மொண்டு, கோடு போட்ட கண்ணாடிக் குழாயை அதில் மிதக்கவிட்டு, எத்தனை டிகிரி என்று பார்ப்பார். தண்ணீர் காயக் காய டிகிரி ஏறும். இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு பூக்கும். ஒரு மழை விழுந்தால் போச்சு, பத்து நாள் வெயில் வீண். நல்ல தண்ணீரைப் போல உப்பளத்துக்கு எதிரி கிடையாது.

பேட்டரிக்குள்ளும் ஆசிட்டின் கனத்தைப் பார்க்க அதே மாதிரி ஒரு குழாயை விடுகிறார்கள் என்று, சித்திரையில் சர்வீசுக்கு வந்த பையன் பார்க்கும்போது கண்டுபிடித்தார். அன்றைக்கே ஆசிட்டைக் கொஞ்சம் உறிஞ்சிக் குவளையில் விட்டு, தன் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்தார். இருபத்தெட்டு இருந்தது. அந்தப் பையன் டிஸ்டில் வாட்டர் ஊற்றக் கேனைத் திறந்தான். தனக்கோடி அவன் கையைப் பிடித்துவிட்டார். உப்பை விளைவித்தவனிடமே தண்ணீர் ஊற்றப் பார்க்கிறாயா என்று கேட்டு, டீ கொடுத்து அனுப்பிவிட்டார். அதன் பிறகு மாதம் ஒரு தடவை மூடியைக் கழற்றிப் பார்ப்பார். முப்பது. முப்பத்தொன்று. முப்பத்து நான்கு. ஏற ஏற அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பேட்டரி பழுத்துக்கொண்டு வருகிறது என்று அளத்தில் எல்லாரிடமும் சொன்னார். அவர்களும் உப்புக்காரர்கள்தானே, ஆமாம் மேஸ்திரி என்றார்கள்.

செந்தமிழ் பத்தரைக்கு வந்தாள். காற்றில் தலை கலைந்து, முகமெல்லாம் மணல். நேராகச் சாலம்மாளிடம் போய், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கிளிப்பை விரலில் மாட்டிப் பார்த்தாள். தொண்ணூற்று நான்கு. மெஷினைச் சுவர் பிளக்கிலேயே ஓடவிட்டு, பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் கழற்றி வராந்தாவுக்கு நகர்த்தினாள். முக்கால் மணியில் முடித்துவிடுவேன், இரண்டு மணிக்குள் சார்ஜும் ஏறிவிடும் என்றாள்.

புது பேட்டரியைத் தனக்கோடி சுற்றிச் சுற்றி வந்தார். மூடி இல்லை. துளை இல்லை. அரிசி டின் அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி, பேசாமல் உட்கார்ந்திருந்தது. இதில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். பார்க்கவே வேண்டாம் என்று செந்தமிழ் சொன்னது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பார்க்காமல் எதை நம்புவது? பழையதையும் ஓரமாகக் கோத்து வை என்று மூன்று தடவை சொன்னார். ரெண்டும் வேற சாதி, சேராது அப்பா என்று அவளும் மூன்று தடவை சொல்லிவிட்டு, சுவரில் துளை போட டிரில்லிங் மெஷினை எடுத்தாள்.

இரண்டாவது துளையில் பாதி போகும்போது டிரில் நின்றது. ஃபேன் நின்றது. மணி பதினொன்று இருபதுதான். எங்கோ மரம் விழுந்திருக்க வேண்டும். கட்டிலோரத்தில் ஆக்சிஜன் மெஷின் வீலென்று கத்தத் தொடங்கியது.

சிலிண்டர், என்றாள் செந்தமிழ். மூலையில் அவசரத்துக்கென்று ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது. தனக்கோடி குழாயை அதற்கு மாற்றித் திறந்தார். முள் சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது. பேட்டரி அத்தனை டிகிரியில் இருக்கும்போது சிலிண்டருக்கு என்ன அவசரம் என்று மூன்று மாதமாக அவர்தான் நிரப்பாமல் விட்டிருந்தார். செந்தமிழ் முள்ளைப் பார்த்தாள்.

"குறைச்சு வெச்சாலும் கால் மணி நேரம் வரும்ப்பா. அவ்ளோதான்."

சுவரில் மாட்டுகிற யோசனையை விட்டுவிட்டுப் பெட்டிகளைத் தரையில் வைத்து வயர் வெட்டத் தொடங்கினாள். தனக்கோடி குறுக்கே வந்து நின்றார். அவள் கணக்குப்படி புதுசுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். பழையதற்கு இரண்டு நட்டு முடுக்கினால் போதும், அது நாலு மணி நேரமாவது நிற்கும், அதற்குள் புதுசை நிதானமாக முடி என்றார். அவள் தயங்கினாள். பேட்டரியைச் சோதிக்கவில்லையே என்றாள்.

"நான் சோதிச்சு வெச்சிருக்கறேன் பாப்பா. முப்பத்து நாலு. நீ மாட்டு."

வீட்டுக்காரர் சொல்கிறார், அம்மாவின் உதடு வேறு நிறம் மாறுகிறது. மாட்டினாள். ஐந்து நிமிஷம் போயிற்று. மெஷின் புஸ்ஸென்று கிளம்பியது. சிலிண்டரை மூடினார்கள். தனக்கோடி நிமிர்ந்து, பார்த்தாயா என்பதுபோல மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. இன்வெர்ட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இன்வெர்ட்டர் கீச் கீச்சென்றது, சிவப்பு விளக்கு எரிந்தது, எல்லாம் அடங்கிவிட்டது.

செந்தமிழ் சிலிண்டரை மறுபடி திறந்தாள். பிறகு பேட்டரியின் மூடியைத் திருகிக் கழற்றி செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். தனக்கோடியும் குனிந்தார். தண்ணீர் எங்கேயோ அடியில் கிடந்தது. அதற்கு மேலே தகடுகள் வெள்ளை பூத்துக் காய்ந்திருந்தன, அறுவடைக்கு நிற்கும் பாத்தியைப் போல. அந்த வெள்ளையைப் பார்த்து முப்பத்தோரு வருஷம் சந்தோஷப்பட்ட கண் அது.

"எப்பப்பா தண்ணி ஊத்துனீங்க?"

தனக்கோடி மூடியை எடுத்துக் கையில் உருட்டினார்.

"தண்ணி வத்துனா டிகிரி ஏறத்தான் செய்யும். இதுக்குள்ள உப்பா எடுக்கப் போறோம்?"

அதைச் சொன்ன மறு நொடியே அவள் புது பேட்டரியிடம் திரும்பிவிட்டாள். வயர் முனைகளை நசுக்கினாள், முடுக்கினாள். தனக்கோடி சிலிண்டர் முள்ளைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், மனைவியின் விரலைப் பார்த்தார். எண்பத்தொன்பது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கினால் ஆனைதான் விழும். இவர் சறுக்கியதற்கு இன்னொருத்தி விழப் பார்த்தாள்.

ஆனாலும் அவருக்கு ஒன்று விளங்கவில்லை. அதை வாய்விட்டே சொன்னார். மாசா மாசம் லைன் வேலைக்கென்று காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை கரண்ட்டை நிறுத்தினார்களே. ஒவ்வொரு தடவையும் அளத்திலிருந்து ஒன்றரைக்குச் சாப்பிட வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டுதானே இருந்தது? போன மாசம்கூட ஓடியதே? நாலரை மணி நேரம் தாங்கிய பேட்டரி எப்படி இரண்டு நிமிஷத்தில் சாகும்?

சாலம்மாள் வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினாள்.

"நான் ஆஃப் பண்ணி வெச்சிருப்பேன்."

"இன்னாது?"

"கரண்ட்டு போனதும் ஆஃப் பண்ணிடுவேன். அரை மணி நேரந்தான் தாங்கும்னு ஆடி மாசமே தெரியும். உங்க வண்டி உப்பு ஆபீசு வளைவுல திரும்பறப்பவே சத்தம் கேக்கும். அப்ப போடுவேன்."

அவருடைய மொபெட்டுக்கு சைலென்சர் உடைந்து வருஷமாகிறது. தெருவுக்கே தெரியும் அந்தச் சத்தம்.

"ஏன் சொல்லல?"

"நீங்க அந்தக் குழாய வெச்சிக்கினு அவ்ளோ சந்தோஷப்பட்டீங்க. ஜான்சிகிட்ட சொன்னேன். உங்ககிட்ட சொல்ல வாய் வரல."

செந்தமிழ் திரும்பாமல், பேசாதீங்கம்மா, மூச்சை வீணாக்காதீங்க என்றாள். முள் சிவப்புக்குள் போயிருந்தது. எண்பத்தாறு. தனக்கோடி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நாலரை மணி நேரம். மாசம் ஒரு தடவை. அவர் அளத்தில் டிகிரியைப் பற்றிக் கதை அளந்துகொண்டிருந்த நேரமெல்லாம் இவள் இந்தக் கட்டிலில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வண்டிச் சத்தத்துக்குக் காத்திருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது அவருக்கு. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

சிலிண்டர் சீறலை நிறுத்தியபோது செந்தமிழ் கடைசி நட்டை முடுக்கிக்கொண்டிருந்தாள். எண்பத்து மூன்று. ஒரு பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. தப்பு ஒன்றுமில்லை, செட்டிங் மாற்ற வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூன்று தடவை எதையோ அழுத்தினாள். எண்பது. பச்சை விளக்கு வந்தது. மெஷின் ஒரு தரம் உறுமி, புஸ்ஸென்றது.

எண்பத்தைந்து ஆகி, தொண்ணூறு ஆகி, தொண்ணூற்று மூன்றில் நிற்கும்வரை மூன்று பேரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுசு கடையிலிருந்து முக்கால் சார்ஜோடு வந்திருக்கிறது, கரண்ட்டே வராவிட்டாலும் மெஷின் மட்டும் ஓடினால் ராத்திரி வரைக்கும் தாங்கும் என்று செந்தமிழ் கணக்குச் சொன்னாள். கிளம்புவதற்கு முன் அந்தச் சிலிண்டரைத் தன் ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினாள். புயலுக்கு முன்னால் நிரப்பிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாள். நான் போகிறேன் என்றார் தனக்கோடி. நீங்கள் அம்மாவோடு இருங்கள் என்றாள். அவளிடமிருந்து கறுப்பு டேப் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மெஷினின் சுவிட்சு மேல் குறுக்கும் நெடுக்குமாக ஏழெட்டுச் சுற்று டேப் ஒட்டினார். சாலம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இனிமே நீ இத ஆஃப் பண்ணக் கூடாது. நானே செத்தாலும் ஆஃப் பண்ணக் கூடாது."

சரி என்றாள். மழை பிடித்துக்கொண்டது. வண்டி நனையுது, ஓரமா வையுங்க என்றாள்.

தனக்கோடி வெளியே போனார். தெரு முனையில் நின்ற மொபெட்டைக் காற்று சாய்த்துவிடும் போலிருந்தது. தள்ளிக்கொண்டு வர முடியாமல் உதைத்துக் கிளப்பினார். படபடவென்று தெரு அதிர, வீட்டு ஜன்னலுக்கு நேரே கொண்டுவந்து சேர்த்தார்.

ஜன்னல் வழியே கட்டில் தெரிந்தது. சாலம்மாள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். வண்டிச் சத்தம் நெருங்கியதும் அவள் கை தானாகப் பதறி எழுந்து, மெஷினைத் தடவி, போடுவதற்குச் சுவிட்சைத் தேடியது. டேப்பைத் தொட்டதும் நின்றது. கண்ணைத் திறக்காமலே கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

தனக்கோடி வண்டியை நிறுத்தினார். இறங்காமல் மழையில் உட்கார்ந்து அழுதார்.