மணல் மேசையில் ஒரு மதில்

"தொட்டுப் பாருங்கய்யா, அதுக்குத்தான் வச்சிருக்கு" என்றாள் கீர்த்தி.

பெரியவர் பெத்தாச்சி தொடவில்லை. முதுகை வளைக்காமல் நின்றார். அவருடைய பாட்டனார் ஊரின் குடிநீருக்காக வெட்டிய ஊருணியைத் தூர்த்துக் கார் நிறுத்தும் இடமாக்கித் தரும்படி விடுதிக்காரர் கேட்டிருந்தார். அதைப் பேசி முடிக்கத்தான் ஊர்க்கூட்டம். பொறியியல் படித்த கீர்த்தி, ஊரின் மேடுபள்ளத்தை ஒரு மேசை நிறைய மணலில் வடித்திருந்தாள். மேலே தொங்கிய கருவி மணலின் உயரத்தை அளந்து வண்ண ஒளி வீசியது. மணலைக் கிளறினால் வண்ணம் மாறும். மணலுக்கு மேலே உள்ளங்கையை விரித்தால் நீல ஒளியாய் மழை பெய்யும்.

விடுதிக்காரர் கையை விரித்தார். நீல ஒளி கண்மாயை நிரப்பி, ஊருணியை எட்டாமல் ரோட்டுப் பக்கம் ஓடியது.

"பாத்தீகளா? எம்புட்டு மழை பேஞ்சாலும் தண்ணி அங்குட்டுத்தான் போகுது. செத்த ஊருணிய்யா இது!"

"எங்க பாட்டையா பேரு போட்ட ஊருணியை எவன்டா செத்ததுங்கிறவன்?"

"பேரைக் குடிக்க முடியுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

பெத்தாச்சி சட்டைக்கையை மடித்துவிட்டு மணலில் விரல் பதித்தார். கண்மாயிலிருந்து ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய வரத்துக்கால் போன தடத்தைக் கீறிக்கொண்டே வந்தார். நீலம் விரலுக்குப் பின்னாலேயே வந்தது. ஊருணிக்கு ஒரு சாண் முன்னால் ஒரு மணல் வரப்பில் முட்டித் திரும்பியது.

"இது என்னம்மா?"

கீர்த்தி தயங்கினாள். "உங்க வீட்டுப் பின்மதிலுங்கய்யா. அளந்துதான் வச்சேன்."

சிரிப்பு அடங்கியது. மகள் கல்யாணத்துக்குக் கார்கள் நிற்க இடம் வேண்டுமென்று, வரத்துக்காலையும் உள்ளே வளைத்து, இருபது வருடத்துக்கு முன் அவரே நின்று கட்டிய மதில்.

பங்காளி முத்தப்பன் காதருகே குனிந்தார். "அண்ணே, கையை எடுங்க. நம்ம குத்தத்தை நாமளே ஊருக்குக் காட்டணுமா?"

"நாம அடைச்சதை நாமதான்டா தொறக்கணும். இன்னொருத்தன் வந்து இடிச்சாத்தான் அசிங்கம்."

உள்ளங்கையின் ஓரத்தால் வரப்பை ஒரே வெட்டாக வெட்டினார். நீலம் பாய்ந்து ஊருணிக்குள் விழுந்தது. மேலே கையை விரித்தார். மழை கொட்டியது. ஊருணி கரை தொட்டு நிறைந்தது.

"மணல்ல இடிச்சாப் போதுமாக்கும்?" என்றார் விடுதிக்காரர்.

பெத்தாச்சி கையில் ஒட்டிய மணலைத் தட்டவில்லை.

"காலையில ஏழு மணிக்கு வாங்க. கல்லுல இடிக்கிறதையும் பாத்துட்டுப் போவீக. காரை மட்டும் தள்ளி நிறுத்துங்க, தண்ணி வர்ற வழி."