தூணுக்கு அந்தப் பக்கம்

மாரிச்செல்வம் சாயல்குடிக்காரன். பாலங்களை உடைக்காமலே சோதித்துச் சொல்லும் ஒரு சிறு நிறுவனத்தில், மதுரையில் வேலை. காரங்காட்டுக்குத் தெற்கே, கடல்நீர் ஏறும் கழிக்கு மேல் நிற்கும் பழைய பாலத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவான். உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தின்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். தூணின் ஒரு பக்கத்தில் ஒருவர் கருவியின் முனையைக் கிரீஸ் தடவி அழுத்திப் பிடிப்பார். அதற்கு நேர் எதிரே, மறுபக்கத்தில் இன்னொருவர் மற்ற முனையைப் பிடிப்பார். ஒலி உள்ளே புகுந்து அந்தப் பக்கம் போய்ச் சேரும் வேகம் எண்ணாக வரும். தூண் உள்ளுக்குள் விரிசல் விட்டிருந்தால் எண் இறங்கிவிடும்.

நான்கு ஆண்டுகள் அந்த மறுபக்கத்தில் நின்றவள் ஜெர்லின். அவனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த பொறியாளர். பாலத்தைத் தாண்டியதும் வரும் மீனவக் குடியிருப்புதான் அவள் ஊர். எந்த ஊர்ப் பாலமானாலும், தூணை நடுவில் வைத்துக்கொண்டு, முகம் தெரியாமல் இருவரும் பேசாத பேச்சில்லை. அவள் அம்மா வேளாங்கண்ணியின் கோபம், அவன் அய்யா விற்ற காளைகள், மேலாளரின் குறட்டை. வேலை முடிந்து எதிரெதிரே உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் மாரிச்செல்வத்துக்கு வாய் கட்டிப்போகும். கேட்க வேண்டியதை அடுத்த பாலத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தான். அவள் கிறிஸ்தவ வேதக்காரி, தன் வீட்டில் ஒப்ப மாட்டார்கள் என்பது ஒரு சாக்கு. இதற்கிடையில் அவளுக்குத் தோஹாவில் வேலை கிடைத்தது. போய்விட்டாள். பிறகு பொங்கல் வாழ்த்து, ஈஸ்டர் வாழ்த்து, அவ்வளவுதான்.

இந்த ஆண்டு மறுபக்கம் நின்றவன் புதிதாகச் சேர்ந்த நாகேந்திரன். மூன்றாவது தூணில் எண் மளமளவென்று இறங்கியது. கிரீஸைத் துடைத்துவிட்டு மறுபடி தடவினார்கள். அப்போதும் அப்படியே வந்தது. போன முறை பிடித்த அதே இடம்தானா என்று உறுதி செய்ய வேண்டும் என்று மாரிச்செல்வம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கரையேறித் தோஹாவில் இருந்த ஜெர்லினைக் கைபேசியில் கூப்பிட்டான்.

"மூணாவது தூண்ல போன தடவை எங்கன பிடிச்ச?"

"சிப்பி ஒட்டியிருக்குமே, அதுக்கு மேல ஒரு முழம். ஏன், எண் இறங்குதா?"

"ரொம்ப இறங்குது."

"அப்ப உள்ளதை உள்ளபடி எழுதிரு மாரி. எங்கம்மா அந்தப் பாலத்துல போற பஸ்லதான் மீன் கொண்டு போகுது. எங்க ஊரு பஸ் நின்னு போகுமேன்னு பாக்காத."

"எழுதிருவேன்." அவன் கைபேசியை வைக்கவில்லை. சேறு காய்ந்து கால்களில் இழுத்தது. "ஜெர்லின், நீ போனதுல இருந்து எனக்கு எதுவுமே ஓடல. என்னைக் கட்டிக்கிறியான்னு எப்பவோ கேட்டிருக்கணும். இப்பக் கேக்குறேன்."

"நாலு வருசமா அந்தப் பக்கம்தான நின்னேன்," என்றாள். "தூணு மறைச்சா வாய் ஓயாமப் பேசுவ. நேர்ல வந்தா தரையைப் பாப்ப. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன், இன்னைக்கிக் கேப்ப, நாளைக்கிக் கேப்பன்னு. இப்ப, வர்ற தை மாசம் எனக்குக் கல்யாணம். அவரு நல்லவரு மாரி."

"சரி," என்றான் அவன்.

அறிக்கை போனது. மேலிடத்திலிருந்து இன்னொரு குழு வந்து சரிபார்த்தது. பாலத்தில் இனி இருசக்கர வண்டியும் நடப்பவர்களும் மட்டும்தான் என்று தடுப்பு வைத்தார்கள். பேருந்து ஜெர்லின் ஊருக்கு வராமல் எதிர்க்கரையிலேயே திரும்பியது. தூணைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் போடும் வேலை தொடங்கியது.

தை மாதத்தில் ஒரு காலை, போட்ட பகுதியைச் சோதிக்க மாரிச்செல்வமும் நாகேந்திரனும் தூணடியில் நின்றிருந்தார்கள். அன்று அவளுக்குத் திருமணம் என்பது மாரிச்செல்வத்துக்குத் தெரியும். வேறு நாளுக்கு மாற்றிக் கேட்டிருக்கலாம். அவன் கேட்கவில்லை.

மேலே கொட்டுச் சத்தம் வந்தது. பங்குத் தேவாலயம் அவள் ஊருக்கு எதிர்க்கரையில் இருந்தது. வேன் ஊர்ப் பக்கம் வர முடியாததால் கல்யாணக் கூட்டம் முழுக்கப் பாலத்தின் மேல் நடந்தே போனது. அவன் தலைக்கு மேலே செருப்புகள் தேய்ந்தன. யாரோ சிரித்தார்கள். "பட்டுல மண்ணு ஒட்டுது, பாலத்தை அடைச்சவன் விளங்குவானா?" என்று ஒரு கிழவர் கத்தினார்.

"அய்யோ தாத்தா, அவன் அடைக்கலேன்னா நம்ம எல்லாரும் கழிக்குள்ள கிடப்போம்," என்றது அவள் குரல்.

காலடிகள் நின்றன. கைப்பிடிச் சுவருக்கு மேல் வெள்ளை முக்காடு எட்டிப் பார்த்தது. முகத்தில் வெயில். நேருக்கு நேர் பார்த்தான், முதல் தடவையாகத் தரையைப் பார்க்காமல்.

"எப்பிடி இருக்கு மாரி?"

"நல்லாருக்கு. நீ போ, நேரமாகுது."

அவள் உடனே போகவில்லை. அம்மா வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தாள். கொட்டுச் சத்தம் எதிர்க்கரையில் இறங்கித் தேய்ந்தது.

"அண்ணே, இங்க எண்ணே வரல," என்றான் நாகேந்திரன் தூணுக்கு அந்தப் பக்கமிருந்து. "பிடிச்சிருக்கீகளா, இல்லையா?"

முனை எப்போதோ கையோடு கீழே இறங்கியிருந்தது. மாரிச்செல்வம் கிரீஸ் டப்பாவைத் திறந்தான்.

"இருடா, பிடிக்கிறேன்."